தெருவில் நடப்பவரும் ஏரியில் நீரும்: படப்பை வட்டாரத்தை முன்வைத்துப் பொதுவெளி மறுவடிவமைப்பு – ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நகரத் தெருக்களையும் நீர்நிலைக் கரைகளையும் நடப்பவர்களுக்காக மறுவடிவமைக்கும் முயற்சிகள் சென்னையில் கடந்த பதினைந்து ஆண்டுகளாக நடைபெற்று வருகின்றன. நகர மையத்தில் உருவான அம்மாதிரிகளைப் புறநகர்ப் பகுதிகளில் அப்படியே பின்பற்ற இயலுமா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. தாம்பரத்துக்கு மேற்கே, நெடுஞ்சாலையும் ஏரிகளும் சூழ அமைந்துள்ள படப்பை வட்டாரம் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. தெருவின் அகலத்தைப் பகிர்கையில் நடப்பவருக்கும், ஏரிக்கரையை வடிவமைக்கையில் நீருக்கும் முதலுரிமை வழங்கப்பட வேண்டும் என்பதும், இவ்வரிசை மாறினால் அழகுபடுத்தும் பணியே இடராக முடியும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: நடைபாதை, பொதுவெளி, ஏரிக்கரை, புறநகர், படப்பை, அடையாறு, உள்ளாட்சி.

முன்னுரை

‘படப்பை’ என்னும் சொல் பழந்தமிழில் தோட்டம், கொல்லை, ஊரை அடுத்துள்ள நிலம் ஆகிய பொருள்களில் வழங்கியது. அப்பெயரைத் தாங்கிய ஊர் இன்று வண்டலூர் – வாலாஜாபாத் சாலையின்மீது, தாம்பரத்துக்கும் ஒரகடம் தொழிற்பகுதிக்கும் இடையில் அமைந்துள்ளது. தொழிற்சாலைப் பேருந்துகளும் சரக்கு வாகனங்களும் இடைவிடாது செல்லும் அச்சாலையே ஊரின் கடைத்தெருவாகவும் பேருந்து நிறுத்தமாகவும் விளங்குகிறது. ஊரைச் சூழ்ந்து ஏரிகள் உள்ளன. மணிமங்கலம், ஆதனூர், சோமங்கலம், ஒரத்தூர் முதலிய அண்டை ஊர்களின் ஏரிகளையும் உள்ளடக்கிய இவ்வட்டாரமே அடையாற்றின் தலைப்பகுதியாகும்.

ஆகவே, இங்கு நடப்பவருக்குரிய பொதுவெளியைப் பற்றிப் பேசும்போது சாலையையும் ஏரியையும் தனித்தனியே பேச இயலாது. நகர வடிவமைப்பு பற்றிய தமிழ் எழுத்துகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் தனித்தனித் தலைப்புகளாகவே அமைகின்றன. இக்கட்டுரை இரண்டையும் ஒரே சட்டகத்தில் வைத்து நோக்குகிறது.

சென்னையின் நடைவெளி அனுபவம்

சென்னையில் நீரோரத்தை நடப்பவர்களுக்கான பொதுவெளியாகத் திட்டமிட்டு அமைத்த முன்னோடி முயற்சி மெரினாவாகும். ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில், 1884-ஆம் ஆண்டில் கடற்கரையோர நடைவழி உருவாக்கப்பட்டு அதற்கு மெரினா என்னும் பெயரும் சூட்டப்பட்டது. எவரும் கட்டணமின்றி நடக்கவும் அமரவும் இயலும் வெளியாக அது இன்றளவும் நிலைத்திருக்கிறது.

அதன்பின் நகரத் தெருக்களின் வளர்ச்சி வாகனங்களை மையமிட்டதாக மாறியது. 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலைவெளியை வாகனங்களுக்கன்றி மக்களுக்குப் பகிர வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தது. இதன் தொடர்ச்சியாகச் சென்னை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டில் மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. நடத்தலுக்கும் மிதிவண்டிக்கும் போக்குவரத்து நிதியில் பெரும்பங்கு ஒதுக்க வேண்டும் என்பது அக்கொள்கையின் சாரமாகும்.

இக்கொள்கையின் நன்கறியப்பட்ட விளைவு தியாகராய நகரின் பாண்டி பசார் நடைவளாகம் ஆகும். சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் மறுவடிவமைக்கப்பட்ட இத்தெரு 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. வாகனத் தடங்கள் குறுக்கப்பட்டு, இருபுறமும் அகன்ற நடைபாதைகளும் இருக்கைகளும் அமைக்கப்பட்டன. இருந்த மரங்கள் வடிவமைப்புக்குள் கொண்டுவரப்பட்டன.

இம்மாதிரியின் வெற்றிக்கு மூன்று சூழல்கள் துணைநின்றன. முதலாவதாக, அது ஏற்கெனவே அகலமான வணிகத் தெரு. இரண்டாவதாக, அதைச் சூழ்ந்து மாற்று வழிகளாகப் பயன்படக்கூடிய வேறு தெருக்கள் உள்ளன. மூன்றாவதாக, தெருவும் நடைபாதையும் மாநகராட்சி என்னும் ஒரே அமைப்பின் பொறுப்பில் இருந்தன. படப்பையில் இம்மூன்றும் இல்லை. மேலும், பாண்டி பசாரில் நடப்பவர் பெரும்பாலும் பொருள் வாங்க விரும்பி வந்து நடப்பவர். படப்பையில் நடப்பவர், பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கோ பள்ளிக்கோ பணிக்கோ செல்ல வேறு வழியின்றி நடப்பவர். இந்த வேறுபாட்டிலிருந்தே புறநகர்க்கான வடிவமைப்பு தொடங்க வேண்டும்.

ஊரை ஊடறுக்கும் நெடுஞ்சாலை

படப்பையின் முதன்மைச் சாலை ஒரே நேரத்தில் இரண்டு பணிகளைச் செய்கிறது. தொலைதூர வாகனங்களுக்கு அது கடந்துசெல்லும் வழி. ஊர் மக்களுக்கு அது கடக்கவேண்டிய இடம். இவ்விரு பணிகளும் மோதும் புள்ளியை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம்.

ஒரு வாகனத் தடத்தின் அகலம் 3.5 மீட்டர் எனக் கொண்டால் நான்கு வழித்தடச் சாலையின் அகலம் 14 மீட்டர் ஆகும். நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் அதைக் கடக்க ஏறத்தாழ 12 நொடிகள் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் அதே நேரத்தில் சுமார் 195 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். அதாவது, 195 மீட்டருக்கு அப்பால் வரும் வாகனத்தின் வேகத்தைச் சரியாகக் கணித்த பின்னரே ஒருவர் காலை எடுத்து வைக்க இயலும். நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் முதியவர்க்கு இத்தொலைவு 290 மீட்டரைத் தாண்டும். மாலை இருளில் வாகன முகப்பு விளக்குகளை மட்டும் கண்டு இவ்வாறு கணிப்பது எவர்க்கும் அரிது.

சாலை நடுவே நின்று செல்லத்தக்க பாதுகாப்புத் திட்டு அமைந்தால் நடப்பவர் ஒரு முறைக்கு 7 மீட்டர் மட்டுமே கடக்கவேண்டும். தேவையான இடைவெளி பாதியாகக் குறையும். அதனுடன் ஊர் எல்லைக்குள் வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைத்தால் அது ஏறத்தாழ 50 மீட்டராகச் சுருங்கும். வேகத்தின் இருமடிக்கேற்ப மோதலின் ஆற்றல் மாறுவதால், 60-லிருந்து 30-ஆக வேகம் குறையும்போது அவ்வாற்றல் நான்கில் ஒரு பங்காகும். சராசரி வேகம் 1 விழுக்காடு உயர்ந்தால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு உயரும் என உலக நலவாழ்வு அமைப்பு குறிப்பிடுவதும் இங்கு நோக்கத்தக்கது. எனவே, நடைபாதைக்குப் பதிக்கும் கற்களின் அழகைவிடக் கடக்கும் இடத்தின் அமைப்பே இத்தகைய ஊரில் முதன்மை பெறுகிறது.

படப்பைச் சந்திப்பின் நெரிசலைக் குறைக்க மேம்பாலம் அமைக்கும் பணியை மாநில நெடுஞ்சாலைத் துறை மேற்கொண்டது. மேம்பாலம் பொதுவாக வாகனங்களுக்கான தீர்வாகவே பார்க்கப்படுகிறது. ஆனால், கடந்துசெல்லும் வாகனங்கள் மேலே சென்றுவிடும்போது கீழுள்ள தரைத்தளம் ஊரின் தெருவாக மீளும் வாய்ப்புப் பெறுகிறது. அத்தரைத்தளத்தில் குறைந்த வேகம், உயர்த்தப்பட்ட கடவைகள், பேருந்து நிறுத்தத்தை அடையும் தொடர்ச்சியான நடைபாதை ஆகியவற்றை முன்கூட்டியே வரையறுக்காவிட்டால், தூண்களுக்கு இடைப்பட்ட வெளி வாகன நிறுத்தமாகவும் குப்பை சேரும் இடமாகவும் மாறிவிடும்.

அகலத்தைப் பகிரும் வரிசை

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட நடப்போர் வசதிகளுக்கான வழிகாட்டு நெறிகள், தடையற்ற நடைப்பகுதியின் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்கவேண்டும் என வரையறுக்கின்றன. வணிகப் பகுதிகளுக்கு 2.5 மீட்டரும் அதற்கு மேலும் பரிந்துரைக்கப்படுகிறது. நடைபாதையின் விளிம்பு உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகாதிருத்தல் வேண்டும். நடைபாதையை முகப்புப் பகுதி, நடைப்பகுதி, பல்பயன் பகுதி என மூன்றாகப் பிரிப்பது இவ்வடிவமைப்பின் அடிப்படையாகும். கடையின் முன்நிற்பவருக்கு முதற்பகுதியும், நடப்பவருக்கு இரண்டாம் பகுதியும், மரம், விளக்குக் கம்பம், மின்மாற்றி, சிறுகடை, இருசக்கர வாகனம் ஆகியவற்றுக்கு மூன்றாம் பகுதியும் உரியன.

எடுத்துக்காட்டாக, 18 மீட்டர் அகலமுள்ள ஊர்த்தெரு ஒன்றைக் கருதலாம். முதலில் நான்கு வாகனத் தடங்களுக்கு 14 மீட்டர் ஒதுக்கினால் பக்கத்துக்கு 2 மீட்டரே எஞ்சும். அதில் மின்கம்பமும் மின்மாற்றியும் இடம்பெற்ற பின் நடப்பவருக்கு 1.8 மீட்டர் கிடைக்காது. அவர் சாலையில் இறங்கி நடப்பார். மாறாக, முதலில் நடப்பவரின் பங்கை ஒதுக்கிவிட்டு, வாகனங்களுக்கு இரண்டு தடங்களாக 7 மீட்டர் அளித்தால் பக்கத்துக்கு 5.5 மீட்டர் கிடைக்கும். முகப்புக்கு 0.5, நடைக்கு 2.5, பல்பயனுக்கு 2.5 மீட்டர் எனப் பகிர்ந்துகொள்ள இயலும். தெருவின் அகலம் இரு நிலைகளிலும் ஒன்றே. மாறியது ஒதுக்கும் வரிசை மட்டுமே.

நடைபாதையின் உயரமும் இத்தகைய வரிசைச் சிக்கலுக்கு உட்பட்டதாகும். சென்னை வட்டாரத்தில் மழைநீர் வடிகாலின் மூடியே பல இடங்களில் நடைபாதையாகப் பயன்படுகிறது. அங்கு நடைபாதையின் உயரத்தை நடப்பவரின் கால் தீர்மானிப்பதில்லை. வடிகாலின் ஆழமும் சரிவும் தீர்மானிக்கின்றன. இதனால் அரை மீட்டர் உயரத் திண்ணை போன்ற நடைபாதைகள் உருவாகின்றன. முதியோரும் சக்கர நாற்காலியில் செல்வோரும் குழந்தையைத் தூக்கிச் செல்வோரும் அவற்றில் ஏறுவதில்லை. ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் சரிவு அமைக்க நடைபாதை வெட்டப்படுவதால் அதன் தொடர்ச்சியும் அறுபடுகிறது. வாயிலில் நடைபாதை இறங்கி ஏறுவதற்குப் பதிலாக, வாகனம் நடைபாதை மட்டத்துக்கு ஏறி இறங்குமாறு அமைப்பதே நெறியாகும்.

சிறுவணிகரும் பொதுவெளியும்

நடைபாதையில் கடை வைத்திருப்போர் நடப்பவருக்குத் தடையாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றனர். தமிழ் மரபில் நடைவெளியும் அங்காடியும் பிரிந்திருந்ததில்லை. மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையிலிருந்த மரச்சோலையில் நாளங்காடி அமைந்திருந்ததைச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை காட்டுகிறது. மக்கள் நடந்து கூடும் இணைப்பிடமே அங்காடிக்கு உரிய இடம் என்னும் புரிதலை அதில் காணலாம்.

2014-ஆம் ஆண்டின் தெருவோர வணிகர்கள் சட்டம் இப்புரிதலுக்குச் சட்ட வடிவம் தந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கப்படும்வரை வணிகரை அகற்றக்கூடாது என்றும், நகர விற்பனைக் குழுவில் வணிகப் பேராளர்கள் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம்பெற வேண்டும் என்றும் அது கூறுகிறது. எனினும், இச்சட்டத்தின் அமைப்புமுறை நகர்ப்புற உள்ளாட்சிகளை மனத்திற்கொண்டது. நீண்டகாலமாக ஊராட்சி நிருவாகத்தில் இருந்துவரும் படப்பை போன்ற ஊர்களில் கடைத்தெரு நகரத்தைப் போல வளர்ந்திருந்தும், நகரத்துக்குரிய விற்பனைக் குழு அமையவில்லை. சாலை அகலப்படுத்தப்படும்போது முதலில் இடமிழப்பவர்கள் இவர்களே. பல்பயன் பகுதியில் இவர்களுக்கு அளவிட்ட இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிட்டால் நடைப்பகுதி தடையின்றி இருக்கும். மாலையில் தெருவில் ஆளும் விளக்கும் இருக்கும். தனித்து நடந்து வரும் பெண்களுக்கு இது பாதுகாப்பாகவும் அமையும்.

ஏரிக்கரையில் நடைவெளி

தெருவிலிருந்து ஏரிக்குச் செல்லும்போது முதலுரிமை மாறுகிறது. ஏரியின் கட்டமைப்பை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். தொண்டைநாட்டு ஏரி நான்கு புறமும் கரை சூழ்ந்த குளம் அன்று. நிலச் சரிவின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் வளைந்த கரை எழுப்பப்பட்டிருக்கும். மேட்டுப்பக்கம் திறந்திருக்கும். அங்கிருந்து வரத்துக்கால்கள் வழியாகவும் நிலப்பரப்பின் வழியாகவும் நீர் உள்ளே வரும். கரையிலுள்ள மதகு பாசனத்துக்கு நீரை விடும். நிறைந்தபின் மிகும் நீர் கலங்கல் வழியே வெளியேறி அடுத்த ஏரிக்குச் செல்லும்.

இவ்வமைப்பில் கரையின் மேற்பகுதி ஊராரின் நடைவழியாகவும் இருந்தது. வயலுக்குச் செல்வோரும் அண்டை ஊருக்குச் செல்வோரும் கரையின்மீது நடந்தனர். எனவே, ஏரிக்கரையில் நடைபாதை அமைப்பது மரபுக்குப் புறம்பானதன்று. ஆயின், ஏரியைப் பூங்காவாகக் கருதி அதைச் சுற்றி முழு வட்டமாக நடைபாதை அமைக்கும்போது சிக்கல் எழுகிறது. மேட்டுப்பக்கத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தி அமைக்கும் பாதை, உண்மையில் ஒரு புதிய கரையாகும். அது உள்ளே வரும் நீரைத் தடுக்கும். மழைக்காலத்தில் மட்டும் நீர் பரவும் விளிம்பு நிலத்தை ஏரியிலிருந்து பிரிக்கும். அவ்வாறு பிரிந்த நிலம் சில ஆண்டுகளில் மனையாக மாறுவதற்கும் அது வழிவகுக்கும். மேட்டுப்பக்கத்தில் பாதை இன்றியமையாதது எனின், நீர் அடியில் செல்லுமாறு தூண்கள்மீது அமைந்த நடைமேடையோ, மழைக்காலத்தில் மூழ்கி வேனிலில் வெளிப்படும் மண்பாதையோ பொருந்தும்.

ஏரிகள் தனித்தவையும் அல்ல. தாம்பரம் மாநகராட்சிப் பகுதியில் சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் சேலையூர், செம்பாக்கம் பக்கமாகச் சென்று, நன்மங்கலம் முதலிய ஏரிகளின் வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. படப்பை வட்டாரத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றுக்குச் செல்கிறது. இத்தொடரில் ஒரு கலங்கல் உயர்த்தப்பட்டாலோ ஒரு போக்குக்கால்வாய் குறுக்கப்பட்டாலோ பாதிப்பு வேறோர் ஊரில் தோன்றும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் நீரில் மூழ்கியதை இதனோடு இணைத்து நோக்க வேண்டும். அதன்பின் ஒரத்தூர்ப் பகுதியில் நீர்த்தேக்கம் அமைக்கும் பணி எடுக்கப்பட்டது, தலைப்பகுதியில் நீரைத் தேக்கினால்தான் கீழுள்ள குடியிருப்புகள் தப்பும் என்னும் அறிதலின் விளைவாகும்.

உலக எடுத்துக்காட்டாகப் பெரிதும் பேசப்படுவது தென்கொரியத் தலைநகர் சியோலின் சியோங்கேசியோன் ஓடையாகும். அதன்மீது கட்டப்பட்டிருந்த உயர்மட்டச் சாலையை இடித்து, 2003 முதல் 2005 வரை ஓடையை மீட்டு இருபுறமும் நடைவழி அமைத்தனர். எனினும் அங்கு ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இயந்திரத்தால் இறைத்து விடப்படுவதாகும். படப்பை வட்டாரத்தில் நீர் தானாகவே வருகிறது. இங்கு வடிவமைப்பாளரின் கடமை நீரைக் காட்சிப் பொருளாக உருவாக்குவதன்று. வரும் நீருக்கு வழிவிட்டு, எஞ்சிய இடத்தில் நடப்பவரை அழைத்துச் செல்வதாகும்.

மெரினாவில் 2022 நவம்பர் இறுதியில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்ல மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயலின் அலைகளால் அது சேதமுற்று, பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. அனைவரையும் நீரோரத்துக்கு அழைத்துச் செல்லும் நோக்கம் உயரியது. நீரின் அளவும் வேகமும் வடிவமைப்பின் முதற்கணக்காக அமைந்தாலன்றி அந்நோக்கம் நிலைபெறாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பொறுப்பின் பங்கீடு

மேற்கண்டவற்றைச் செயற்படுத்துவோர் யார் என்பது இறுதி வினாவாகும். படப்பையில் முதன்மைச் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பிலுள்ளது. ஊரின் உட்தெருக்கள் ஊராட்சிக்கு உரியவை. ஏரிகளைப் பொறுத்தவரை, 40 எக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடையவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பது தமிழகத்தின் பொதுமுறை. மின்கம்பம் மின்வாரியத்துக்குரியது, பேருந்து போக்குவரத்துக் கழகத்துக்குரியது. நடப்பவர் இவை அனைத்தையும் ஒரே பயணத்தில், சில நூறு மீட்டருக்குள் கடக்கிறார். ஒவ்வொரு துறையும் தன் பகுதியைச் செம்மையாகச் செய்திருப்பினும் இரு பகுதிகள் கூடுமிடத்தில் பாதை அறுபடுகிறது.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, அதன் எல்லைக்குள் தெருக்களையும் ஏரிகளையும் ஒருங்கே திட்டமிடும் வாய்ப்பு ஏற்பட்டது. படப்பை அவ்வெல்லைக்கு வெளியே நின்றது. எனினும் நிருவாகத் தகுதியைப் பொறுத்து நடப்பவரின் உரிமை மாறுவதில்லை. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதியே என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் குறிப்பிட்டது. அவ்வுரிமை மாநகரத்துக்கு மட்டும் உரியதன்று.

இதே காஞ்சிபுர மாவட்டத்தின் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய ஊர்க்குழுக்களைக் குறிப்பிடுகின்றன. அக்காலச் சபை இன்றைய மக்களாட்சி அமைப்புக்கு நிகரானதன்று. அதில் இடம்பெறுவதற்குச் சொத்தும் கல்வியும் தகுதிகளாக விதிக்கப்பட்டிருந்தன. ஆயினும் ஏரிக்குப் பொறுப்பேற்கும் குழு ஊரிலேயே இருந்தது என்பது கருதத்தக்கது. சாலைப் பணியோ ஏரிப் பணியோ தொடங்குமுன், தொடர்புடைய துறைகள் ஒரே வரைபடத்தில் ஒப்பமிடுவதும், அவ்வரைபடம் கிராமசபையில் வைக்கப்படுவதும் இக்காலத்துக்கேற்ற ஏற்பாடாக அமையும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

நகர மையத்தின் நடைவளாக மாதிரி, நெடுஞ்சாலை ஊடறுக்கும் புறநகர் ஊருக்கு நேரடியாகப் பொருந்தாது. அங்குக் கடக்கும் இடத்தின் பாதுகாப்பும் வாகன வேகக் குறைப்புமே முதற்பணிகளாகும்.

தெருவின் அகலத்தைப் பகிர்கையில் நடைப்பகுதியை முதலில் ஒதுக்கி, எஞ்சியதை வாகனங்களுக்கு அளிக்க வேண்டும். சிறுவணிகர்க்குரிய இடம் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.

ஏரியில் வரத்து, கலங்கல், நீர்பரவும் விளிம்பு ஆகியவற்றை முதலில் குறித்து, அவற்றைத் தொடாத இடத்தில் நடைவழி அமைக்க வேண்டும். முழு வட்டப் பாதை ஏரியின் இயல்புக்கு மாறானது.

துறைகளின் எல்லைகள் கூடுமிடங்களுக்குப் பொறுப்பேற்கும் அமைப்பு ஊரளவில் தேவை.

தெருவில் நடப்பவரின் தொடர்ச்சியும் ஏரிக்கு வரும் நீரின் தொடர்ச்சியும் அறுபடாதிருப்பதே புறநகர்ப் பொதுவெளியின் தரத்தை அளக்கும் அளவுகோலாகும். படப்பையில் பேருந்தைவிட்டு இறங்கும் ஒருவர், சாலையைக் கடந்து, கடைத்தெருவின் வழியே ஏரிக்கரையை அச்சமின்றி அடைய முடிகிறதா என்பதும், அடுத்த பெருமழையில் அதே கரையைத் தாண்டி நீர் தன் வழியே செல்ல முடிகிறதா என்பதும் அவ்வளவுகோலின் இரு முனைகளாகும். இவ்வட்டாரத்து ஏரிகளின் வரத்துக்கால்களையும் ஊர்த்தெருக்களின் நடைப்பகுதிகளையும் கள அளவீட்டின்வழி ஒரே வரைபடத்தில் பதிவுசெய்வது மேலாய்வுக்கு உரிய களமாகும்.